எழுதியவர் யார், பெயர் யாருடையது? இணையச் சட்டமும் நெகிரி செம்பிலான் தோட்டங்களும்

தோட்டப்புறங்களில் எழுத்தறிந்தவர் சிலரே இருந்த காலத்தில் ஒரு கடிதம் எழுதுவதற்கு நால்வர் வேண்டியிருந்தது. சம்பளநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமையில் பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ கிராணியையோ நாடிச் சென்று, ஊரிலுள்ள தமையனுக்கு இன்னின்னவாறு எழுதவேண்டும் என்று சொல்வார். சொல்லியவர் ஒருவர், எழுதியவர் மற்றொருவர், உறையின்மேல் கண்ட முகவரி தோட்டத்து அலுவலகத்தினுடையது, கடிதம் போய்ச் சேர்ந்த ஊரில் அதைப் படித்துக் காட்டியவர் வேறொருவர். நிலத் தகராறு பற்றிய கடுஞ்சொல் அக்கடிதத்தில் இருந்தாலும், அதன்பொருட்டு ஆசிரியரைக் குறைகூறியவர் இலர்; முகவரி கொடுத்த அலுவலகத்தைக் குறைகூறியவரும் இலர். சொல் யாருடையது, கை யாருடையது, பெயர் யாருடையது என்னும் வேறுபாடு கையெழுத்திடத் தெரியாதவர்க்கும் தெளிவாகவே இருந்தது.

மலேசியச் சட்டம் 2012ஆம் ஆண்டில் இவ்வேறுபாட்டை ஒரே பிரிவினால் மங்கச்செய்துவிட்டது. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டு, 2012 ஜூலை 31இல் நடைமுறைக்கு வந்த 114ஏ பிரிவே அது. அதன் உட்பிரிவுகளுள் மூன்று கருதத்தக்கவை. ஒரு வெளியீட்டில் எவருடைய பெயரோ படமோ புனைபெயரோ, அதன் உரிமையாளர், நடத்துநர், நிர்வாகி, ஆசிரியர் என்ற முறையில் காணப்படுகிறதோ, அவரே அதனை வெளியிட்டவர் என்று கொள்ளப்படும். ஒரு செய்தி எந்த இணைப்பிலிருந்து புறப்பட்டதோ, அந்த இணைப்பு எவர் பெயரில் பதிவாகியுள்ளதோ, அவரே வெளியிட்டவர் என்று கொள்ளப்படும். எந்தக் கருவியிலிருந்து புறப்பட்டதோ, அக்கருவி எவருடைய காவலிலோ கட்டுப்பாட்டிலோ உள்ளதோ, அவரும் அவ்வாறே கொள்ளப்படுவார். மூன்றிற்கும் பொதுவாக, மறுதலை மெய்ப்பிக்கப்பட்டாலன்றி என்னும் வாசகம் நிற்கிறது. குற்றம் சாட்டுவோர் மெய்ப்பிக்கவேண்டும் என்ற பழைய நெறி இங்கே தலைகீழாகிறது. பெயர் உடையவர், தாம் எழுதவில்லை என்பதை மெய்ப்பிக்கவேண்டும். செய்ததை மெய்ப்பிப்பது எளிது. செய்யாததை மெய்ப்பிப்பது எத்துணை அரிது என்பதை விளக்கவேண்டியதில்லை.

கோலாலம்பூரின் அடுக்குமாடியில் ஆளுக்கொரு தொலைபேசி வைத்திருக்கும் குடும்பத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட விதி போன்று இது தோன்றுகிறது. சிரம்பானுக்கு மேற்கிலும் தெற்கிலும் லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களிலும், கிழக்கே பகாவ், ரொம்பின் பக்கத்துத் தோட்டங்களிலும் நிலைமை வேறு. அங்கே வீட்டுக்கு ஒரு தொலைபேசி என்பதே நெடுநாள் வழக்கம். முன்பணக் கைப்பேசி எண்கள் யாவும் அடையாள அட்டையுடன் பதிவுசெய்யப்படவேண்டும் என்ற விதி 2006இல் வந்தது. தந்தையின் பெயரில் இரண்டு மூன்று எண்களை வாங்கி மனைவிக்கும் மக்களுக்கும் கொடுப்பது அதன்பின் வழக்கமாயிற்று. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வி அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில், எவ்வகைக் கருவியும் இல்லாத மாணவர் 36.9 விழுக்காட்டினர் என்று தெரியவந்தது. கருவி இருந்த வீடுகளிலும் அது பெரும்பாலும் பெற்றோரின் கைப்பேசியே. செம்பனை வெட்டப்போகும் தந்தை கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போக, நான்காம் வகுப்புப் பிள்ளையும் ஒன்றாம் படிவத்துப் பிள்ளையும் அதில் முறைவைத்துப் பாடம் படித்தனர். வீட்டுப்பாடம் அனுப்பிய கருவியிலிருந்தே அண்டை வீட்டுப் பெண்ணைப் பற்றிய ஏச்சும் புறப்பட்டுப் போயிருக்குமாயின், சட்டத்தின் முன் அதனை வெளியிட்டவர் அப்போது காட்டில் குலை வெட்டிக்கொண்டிருந்த தந்தையே ஆவார்.

தோட்டத்து வரிசை வீட்டைக் குறிக்கும் லயம் என்ற சொல்லும், தொலைபேசி இணைப்பைக் குறிக்க இன்று எல்லோர் வாயிலும் வழங்கும் லைன் என்ற சொல்லும் ஒரே ஆங்கிலச் சொல்லின் இரு திரிபுகள். ஒரு சுவர்க்கு இப்புறமும் அப்புறமும் இரு குடும்பங்கள் வாழ்ந்த லயத்தில் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாமல் இருந்ததில்லை. இன்றைய லைனும் பழைய லயத்தின் இயல்பையே கொண்டிருக்கிறது. சட்டமோ அதனைத் தனியறையாகக் கருதுகிறது.

சட்டம் இங்கே எடுத்தாளும் வெளியிடுதல் என்னும் சொல்லைத் தமிழ் படித்தவர் சற்று உற்றுநோக்குதல் தகும். ஒரு நூல் பலர் கைவழி வருவது என்பதைத் தமிழ் மரபு மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்து, ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு பெயர் இட்டது. குறுந்தொகையின் பாட்டுகளைப் பாடியோர் பலர், தொகுத்தவர் பூரிக்கோ. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப் பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவனோ சேர மன்னன். இவற்றின்மேல் உரை எழுதியவர் உளர். ஏட்டைப் பெயர்த்தெழுதியவர் உளர். அச்சிட்ட பதிப்பாசிரியர் உளர். பாட்டிலுள்ள சொற்பிழைக்குத் தொகுப்பித்த மன்னனைக் காரணமாக்கிய உரையாசிரியர் எவரும் இலர். பாடியோர், தொகுத்தோர், தொகுப்பித்தோர், பெயர்த்தெழுதினோர், பதிப்பித்தோர் ஆகிய ஐவரையும் ஒருவராக்கி, ஏட்டுச்சுவடி எவர் வீட்டுப் பரணில் கிடைத்ததோ அவரே பாடியவர் என்று ஒருவர் வாதிட்டால், தமிழாசிரியர் அதனை ஆராய்ச்சி என ஏற்பாரா? 114ஏ பிரிவின் மூன்றாம் உட்பிரிவு அதனையே செய்கிறது.

எனினும் இச்சட்டம் தோன்றியதற்குக் காரணமே இல்லை என்று கூறுதல் நேர்மையன்று. பெயரை மறைத்துக்கொண்டு ஒருவரைத் தூற்றுவது இணையத்தில் எளிதாகிவிட்டது. தூற்றுவோரைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிட்டது. 2024 ஜூலையில் கோலாலம்பூரில் தமிழ்ப்பெண் ஒருத்தி, இணையவழி ஏச்சும் அச்சுறுத்தலும் பொறாது உயிர்விட்டாள். அவளுக்குத் தொல்லை தந்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டவருள் ஒருவர்க்கு 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட தண்டம் 100 ரிங்கிட். அச்சட்டப் பிரிவு அனுமதித்த மிகுதியான தொகையே அதுதான். 1955இல் 100 வெள்ளி என்பது தோட்டத் தொழிலாளிக்குப் பல வாரக் கூலி. 2024இல் அது ஒரு வேளை விருந்தின் விலை. நாடெங்கும் எழுந்த கொதிப்புக்குப் பின்னர்க் குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலை 11இல் நடைமுறைக்கு வந்தன. ஒருவரைத் துன்புறுத்தும் சொல்லும் செயலும், பிறர் அடையாள விவரங்களைத் தீய நோக்கத்துடன் பரப்புதலும் அவற்றால் குற்றமாயின. துன்புறுத்தும் எண்ணம், விளைந்த தீங்கு என்பவற்றை அளந்து பார்க்கும் வகையில் எழுதப்பட்டிருத்தலின், இப்பிரிவுகளைப் பொதுவாக நல்ல வரைவு என்று சொல்லலாம்.

1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு அத்தகைய பாராட்டுக்கு உரியதன்று. பிறரைத் தொல்லைப்படுத்தும் எண்ணத்துடன் அனுப்பப்படும் அருவருப்பான, பொய்யான, அச்சுறுத்தும், புண்படுத்தும் செய்திகள் அதன்படி குற்றம். புண்படுத்தல் என்பதற்கு எல்லை யாது என்று பல்லாண்டாகக் கேட்கப்பட்டபின், 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் 'மிகையாகப் புண்படுத்தும்' என்று அச்சொல்லை இறுக்கியது. அதே திருத்தம் தண்டத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 இலட்சம் ரிங்கிட்டாகவும், சிறைத்தண்டனையை ஓராண்டிலிருந்து ஈராண்டாகவும் உயர்த்தியது. பாதிக்கப்பட்டவர் சிறாராயின் ஐந்தாண்டு வரை செல்லும். சொல்லின் வரம்பைச் சுருக்கியது நன்று. ஆனால் இத்துணைப் பெரிய தண்டனைக்கு வழிவகுக்கும் வழக்கிலும், செய்தியை அனுப்பியவர் யார் என்னும் முதற்கேள்விக்கு 114ஏ விடைகூற வருகிறது என்பதே கவலைக்குரியது.

அப்பிரிவின் வலிமை 2021 பிப்ரவரி 19இல் நாடறிய வெளிப்பட்டது. மலேசியாகினி என்னும் இணையச் செய்தித்தளத்தில் வாசகர் சிலர் நீதித்துறையைப் பழித்து எழுதிய கருத்துகளுக்காக, அத்தளத்தை நடத்தும் நிறுவனம் நீதிமன்ற அவமதிப்புக்கு உள்ளானதாகக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்து 5 இலட்சம் ரிங்கிட் தண்டம் விதித்தது. எழுவர் கொண்ட அமர்வில் அறுவர் ஒருபுறம் நின்றனர். தனியே நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். பிறர் எழுதிய கருத்தை நிறுவனம் அறிந்திருந்தது என்பதற்குச் சான்று வேண்டும் என்பதும், அறிந்தவுடன் விரைந்து நீக்கிய செயலுக்கு மதிப்பளிக்கவேண்டும் என்பதும் அவர் வாதத்தின் உயிர்நிலை. கருத்துப் பகுதியை அமைத்துக் கொடுத்தமையாலேயே அதிலுள்ளவற்றை வெளியிட்டவர் ஆகிவிட்டார் என்ற அனுமானம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அவ்வழக்கு காட்டிற்று. அந்நிறுவனத்துக்கு வழக்கறிஞர் இருந்தனர். தண்டத் தொகையைச் சில மணி நேரத்தில் திரட்டிக் கொடுத்த வாசகர் இருந்தனர். போர்ட்டிக்சன் சாலையோரத்துத் தோட்டத்தில் பெற்றோர் குழுவை நடத்தும் ஆசிரியைக்கு இவ்விரண்டும் இல்லை. அவர் பெயர் மட்டும் நிர்வாகி என்ற இடத்தில் இருக்கிறது.

நெகிரி செம்பிலானில் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பலவற்றின் பெயரில் இன்னும் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறியிருக்கும். பழைய தோட்டத்து மக்கள் சிரம்பான், நீலாய், செனவாங் எனச் சிதறிக் குடியேறியபின், அவர்களை இணைப்பவை பள்ளியும் கோயிலும். அவ்விரண்டையும் நடத்துபவை வாட்ஸ்அப் குழுக்கள். திருவிழாக் கணக்கு அங்கே கேட்கப்படுகிறது. இறப்புச் செய்தி அங்கே சொல்லப்படுகிறது. கோயில் நிர்வாகத்தைப் பற்றிய குற்றச்சாட்டும் அங்கேதான் இரவு பதினொரு மணிக்கு வந்து விழுகிறது. அதிகாலையில் தொழிலாளர் அனைவரும் கூடிப் பெயர் கொடுத்த பிரட்டுக்களத்தின் வேலையை இன்று இக்குழுக்களே செய்கின்றன.

இவ்விடத்தில் 2025ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளவேண்டும். நாடாளுமன்ற மக்களவை 2024 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட இச்சட்டம் 2026 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. இதன் நோக்கம் பாராட்டத்தக்கது. இதற்குமுன் வந்த சட்டங்கள் செய்தியை அனுப்பிய மனிதரைத் தேடின. இது செய்தியைச் சுமந்து செல்லும் நிறுவனத்தைத் தேடுகிறது. சிறாரைப் பாலியல் வகையில் இழிவுபடுத்தும் படங்கள், பண மோசடி, துன்புறுத்தல், பகைமை வளர்த்தல், சிறாரைத் தமக்குத் தாமே தீங்கு செய்யத் தூண்டுதல் முதலான ஒன்பது வகைத் தீய உள்ளடக்கங்களை அது வகுத்துரைக்கிறது. அவற்றுள் முதலிரண்டும் உடனே கவனிக்கப்படவேண்டியவை எனத் தனியே பிரிக்கப்பட்டுள்ளன. தீங்கு நேரும் வாய்ப்பைக் குறைத்தல், முறையீட்டுக்கு வழிசெய்தல், சிறாரைக் காத்தல் ஆகியவை நிறுவனங்களின் கடமை. தவறினால் தண்டம் 1 கோடி ரிங்கிட் வரை செல்லலாம். வெள்ளம் வந்தால் குடிசைக்காரனைக் குற்றம் சொல்லாமல் அணையைக் கட்டியவனிடம் கணக்குக் கேட்பது போன்றது இம்முறை.

ஆனால் அதே சட்டம் தனிச்செய்தி வசதியைத் தன் ஆட்சிக்குப் புறம்பாக வைத்துவிட்டது. ஒருவர் தாம் தேர்ந்த சிலருக்கு அனுப்பும் செய்தியில் அரசோ நிறுவனமோ கண் வைத்தலாகாது என்பது அதன் கருத்து. பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கலாகாது என்ற பண்பாட்டை ஒட்டிய இக்கருத்தில் பிழை காண்பதற்கில்லை. குறை அதன் விளைவில் இருக்கிறது. 200 பேர் கொண்ட கோயில் குழுவில் ஒரு பெண்ணின் படம் இழிசொல்லுடன் வருகிறது என்று கொள்க. குழுவை இயங்கச் செய்யும் பெருநிறுவனத்தைக் கேட்டால், அது தனிச்செய்தி. இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமை தன்னைச் சாராது என்று சொல்ல இடமிருக்கிறது. அதே செய்திக்காகக் குழுவினர் மீதோ, இணைப்பைப் பதிந்துகொண்ட முதியவர் மீதோ வழக்கு வருமாயின், அது வெளியீடு ஆகிவிடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் இட்ட சொற்களை வெளியீடாகக் கொண்டு அவதூறு வழக்குகளை மலேசிய நீதிமன்றங்கள் விசாரித்தே வந்துள்ளன. ஒரே சொல், ஒரே குழு, ஒரே இரவு. நிறுவனத்துக்கு அது மூடிய கடிதம். தோட்டத் தொழிலாளிக்கு அது சுவரொட்டி. இரு சட்டங்களையும் வரைந்தவர்கள் இதனை வேண்டுமென்றே செய்தனர் என்று கொள்ளவேண்டியதில்லை. வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கவலைகளால் எழுதப்பட்டவை அவை. ஆயினும் இரண்டையும் ஒருங்கே வைத்துப் படித்தால், சுமை முழுவதும் தாங்கும் வலிமை குறைந்தவர் தோளில் இறங்குவது கண்கூடு.

தமிழ்நாட்டில் இத்தகைய வினா ஒன்று நீதிமன்றத்தின் முன் வந்து, வேறு வகையில் விடை பெற்றது. கரூரைச் சேர்ந்த வழக்கறிஞர் குழுவொன்றில் ஓர் உறுப்பினர் இட்ட செய்திக்காகக் குழுவின் நிர்வாகி மீதும் வழக்குப் பதியப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில், அவர் நிர்வாகியாக இருந்தது தவிர வேறொன்றும் செய்யவில்லை எனத் தெரியவந்தால், இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்கிவிடவேண்டும் என்று காவல்துறைக்கு ஆணையிட்டது. கேரள உயர்நீதிமன்றமும் 2022 பிப்ரவரியில், உறுப்பினர் இட்ட செய்திக்கு நிர்வாகி பொறுப்பாகார் என்றது. அங்கே 114ஏ போன்ற அனுமானம் இல்லாமையால், தொகுப்பித்தவர் வேறு, பாடியவர் வேறு என்ற வேறுபாட்டை நீதிபதிகள் இயல்பாகவே காணமுடிந்தது. மலேசிய நீதிபதிகள் அவ்வேறுபாட்டைக் காணவேண்டுமாயின், முதலில் சட்டத்தின் அனுமானத்தை எதிர்வழக்காடுவோர் உடைத்துத் தரவேண்டும்.

பெயரால் வரும் துன்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. நண்பர் கேட்டார் என்று வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டு, சில நூறு ரிங்கிட் பெற்றுக்கொள்வோர் உளர். வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவனிடம் அட்டையைக் கொடுத்து ஏமாந்த இளைஞரும் உளர். மோசடிக்காரர் பிறரிடம் பறித்த பணம் அக்கணக்கின் வழியாக ஓடுகிறது. மலாய் மொழியில் இதனைக் கழுதைக் கணக்கு என்கின்றனர்; பொருத்தமான பெயரே, சுமப்பவனுக்குச் சுமை எதுவென்று தெரியாது. 2024இல் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 424ஏ முதலிய பிரிவுகள் இவ்வாறு கணக்கைக் கைமாற்றுவதையே தனிக் குற்றமாக்கின. இங்குச் சட்டத்தின் கடுமையை ஒப்புக்கொள்ளலாம். பெயரைக் கொடுத்தவர் தம் கையாலேயே கொடுத்தார். எனினும் தோட்டத்து வாழ்வில் பெயரை இரவல் கொடுப்பது நெடுநாள் வழக்கம் என்பதை மறத்தலாகாது. கடைப் பற்றுப் புத்தகத்தில் அண்ணன் பெயரில் தம்பி சாமான் வாங்குவான். சீட்டில் ஒருத்தி பெயரில் மற்றொருத்தி பணம் கட்டுவாள். அது நம்பிக்கையின் அடையாளமாக இருந்தது. வங்கி அட்டையும் அத்தகைய இரவற்பொருள் என்று எண்ணியவர், புதிய சட்டம் வந்த செய்தியை வழக்கு வந்தபின் அறிகிறார்.

அறியாமைக்குக் காரணம் மொழியும் ஆகும். மலேசியச் சட்டங்கள் மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் வெளியாகின்றன. 114ஏ பிரிவு முழுவதும் தமிழில் ஒரு பக்கத்துக்கு மேல் வராது. ஆனால் அந்த ஒரு பக்கத்தை எழுதுவதற்குச் சொற்கள் முதலில் உறுதிப்படவேண்டும். வெளியிடுதல், பரப்புதல், மறுபடி அனுப்புதல் என்ற மூன்றும் ஒன்றா, வேறா? அனுமானம் என்று எழுதினால் தருக்க நூல் படித்தவர் ஒரு பொருள் கொள்வர். மற்றவர் ஊகம் என்று எண்ணுவர். 'நீங்கள்தான் செய்தீர்கள் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நீங்கள்தான் காட்டவேண்டும்' என்று எழுதினால் எல்லோர்க்கும் விளங்கும். சட்டப்புலமை உடையோர் அதனைத் தளர்ந்த நடை என்பர். பின்னதையே தேர்ந்தெடுப்பது தக்கது. குழுவில் நிர்வாகி மட்டும் எழுதக்கூடிய அமைப்பைச் சில பள்ளிகள் மேற்கொண்டுள்ளன. ஆசிரியர்க்கு அது பாதுகாப்பு, பெற்றோர்க்கோ வாய்ப்பூட்டு. சட்டத்தின் குறையைப் பள்ளி இவ்வாறு தன் மௌனத்தால் ஈடுசெய்வது எத்தனை காலத்துக்கு இயலும் என்பது ஐயமே.

தந்தை தாம் அனுப்பவில்லை என்று எவ்வாறு காட்டுவார்? கைரேகை இல்லை, கையெழுத்து இல்லை, பிள்ளையைச் சாட்சிக்கூண்டில் ஏற்றப் பெற்றவர் எவரும் முன்வரார். நெகிரி செம்பிலான் தோட்டத்தில் அவர்க்குக் கிடைக்கக்கூடிய ஆவணம் ஒன்றே ஒன்று. எந்நாளில் எந்தக் காட்டில் யார் வேலை செய்தார் என்று கிராணி குறித்துவைக்கும் செக்ரோல் புத்தகம் அது. ஒரு காலத்தில் தொழிலாளியின் ஒரு நாளையும் தப்பவிடாமல் கணக்கெடுத்த அப்புத்தகத்தில், காலை பத்து மணிக்கு அவர் காட்டில் இருந்தார் என்பதற்குக் குறிப்பு இருக்கும். கைப்பேசி அப்போது லயத்தில் இருந்தது என்பதற்குக் குறிப்பு இராது. மாலை ஆறு மணிக்குமேல் சென்ற செய்தியாயின் அப்புத்தகமும் உதவாது.